ஏழு ரோஸ் பொட்டு

பட்டனை அழுத்தினால் கிர்ரென்று மோட்டார் மட்டும் சுற்றியது. இஞ்சின் அசையவில்லை. முதல் நாள் மூன்று தடவை அழுத்தியதில் பிடித்துக்கொண்டது. மறுநாள் பத்து தடவை ஆனது. வியாழக்கிழமை காலையில் இருபதைத் தாண்டி எண்ணுவதை விட்டுவிட்டேன். எப்படியோ பிடித்தது.

மற்றவனாக இருந்தால் கிக்கரை உதைத்துவிட்டுப் போயிருப்பான். எனக்கு உதைக்கிற கால் இல்லை. சர்க்கரை வியாதியில் இடது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்து ஐந்து வருடம் ஆகிறது. கால் இல்லாதவர்களுக்கு அரசாங்கம் கொடுக்கிற வண்டி எனக்கும் வந்தது. ஸ்கூட்டர்தான், பின்னால் இரண்டு பக்கமும் சின்னச் சக்கரம் வைத்தது. அந்தச் சக்கரத்தைத் தாங்குகிற இரும்புக் கம்பி சரியாகக் கிக்கர் வரும் இடத்தில் போகிறது. அதனால் கிக்கரைக் கழற்றியே கொடுத்துவிட்டார்கள். இந்த மாதிரி வண்டியைத் தள்ளியும் ஸ்டார்ட் பண்ண முடியாது, கியர் இல்லை. செல்ஃப் பிடித்தால் வண்டி. பிடிக்காவிட்டால் அது வெறும் நாற்காலி.

எங்களுக்கு இடியாப்ப வியாபாரம். பட்டினப்பாக்கம் ஹவுசிங் போர்டில் கீழ்த்தள வீடு. தேவானை, என் சம்சாரம், விடிவதற்குள் பிழிந்து அவித்து முடிப்பாள். நான் இரண்டு பெரிய தூக்கில் அடுக்கிக்கொண்டு மந்தைவெளி, ராஜா அண்ணாமலைபுரம் பக்கம் நாற்பத்திரண்டு வீட்டுக்குக் கொடுத்துவிட்டு வருவேன். நாற்பத்திரண்டு வீடென்றால் முப்பது கேட். முப்பது கேட்டென்றால் முப்பது தடவை வண்டியை நிறுத்தி முப்பது தடவை பட்டனை அழுத்த வேண்டும்.

சக்திவேல் என்று மந்தைவெளியில் ஒரு மெக்கானிக். இரண்டு மாசத்துக்கு முன்னால் இஞ்சினில் மேக்னெட் இருக்கிற வலது பக்கம் ஆயில் கசிந்தபோது அவன்தான் கழற்றி சீல் மாற்றினான். இப்போது அவனிடம் கொண்டுபோனேன். வண்டியைத் தொடக்கூட இல்லை. காதை மட்டும் கொடுத்துக் கேட்டான்.

“இஞ்சினை இறக்கணும் பெர்சு. பத்து நாள் வண்டி இங்கியே கிடக்கட்டும்.”

“பத்து நாள் வண்டி உன்கிட்ட கிடந்தா நான் எங்க கிடக்கிறது?”

“அதுக்கு நான் இன்னா பண்றது? ஸ்டார்ட்டர் கிளட்ச் போயிருந்தா அது வேற. சத்தத்தைப் பாத்தா உள்ள இன்னும் இன்னா இன்னா போயிருக்கோ.”

எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. இரண்டு மாசம் முன்னால் கை வைத்தவன் அவன். இப்போது கெட்டுப்போனதும் அதே பக்கம். எதையோ லூசாக விட்டு வைத்து, மறுபடியும் என்னை வரவைத்து, இஞ்சினை இறக்கி நல்ல சாமானை உருவப் பார்க்கிறான் என்று முடிவு கட்டினேன். கட்டினது மட்டுமில்லை, டீக்கடையில் நாலு பேரிடம் சொல்லவும் சொன்னேன். பேட்டரி போயிருக்கும் என்றான் ஒருத்தன். பிளக் என்றான் இன்னொருத்தன். நான் யார் சொன்னதையும் நம்பவில்லை, எதையும் மாற்றவுமில்லை.

அதனால் வண்டியை நிறுத்தாமலே ஓட்ட ஆரம்பித்தேன். காலையில் வீட்டில் ஒரு தடவை உயிர் வந்துவிட்டால் போதும், திரும்பி வீட்டுக்கு வரும்வரை இஞ்சினை அணைப்பதில்லை. கேட்டுக்கு முன்னால் வண்டி உறுமிக்கொண்டே நிற்கும். நான் உட்கார்ந்தபடியே வாட்ச்மேனிடம் பொட்டலத்தைக் கொடுப்பேன். மூன்று நாள் அப்படி ஓடியது.

வியாழக்கிழமை ஜெயஸ்ரீ அம்மா கீழே இறங்கி வந்துவிட்டார். ராஜா அண்ணாமலைபுரத்தில் ஒரு அடுக்குமாடிக் குடியிருப்புக்குச் செகரட்டரி. அந்த ஒரு கட்டிடத்தில் மட்டும் எனக்குப் பதினோரு வீடு.

“பெரியவரே, மொதல்ல இஞ்சினை அணையுங்கோ. ஆத்துக்குள்ள பூரா புகை வந்துண்டிருக்கு. மாமியாருக்கு ஆஸ்துமா.”

“அணைச்சா திரும்ப வராதும்மா.”

“அப்போ ரிப்பேர் பண்ணிண்டு வாங்கோ. நாளைக்கும் இப்படின்னா நாங்க ஃபோன்லயே ஆர்டர் போட்டுக்கறோம். எனக்கு ஒண்ணும் உங்க மேல கோபமில்லை, ஆனா எல்லாரும் என்னைத்தானே கேக்கறா.”

நியாயமான பேச்சு. கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன். பதினோரு வீடு போனால் பக்கத்துக் கட்டிடமும் போகும். ஒரு தடவை ஃபோனில் வாங்கிப் பழகினவர்கள் எனக்காகக் கேட்டில் வந்து நிற்கப்போவதில்லை.

வீட்டுக்கு வந்து இஞ்சினை அணைக்காமலே வாசலில் நின்று தூக்கை இறக்கிக் கொடுத்தேன். தேவானை கேட்டாள்.

“நாளைக்கு அரிசி ஊற வெக்கட்டா, வாணாவா? ஊற வெச்சு, உலத்தி, மில்லுக்குப் போவணும். நாலு மணிக்குள்ள சொல்லிடு. வண்டி இல்லன்னா அவ்ளோ மாவையும் நான் இன்னா செவுத்துலயா பூசுறது?”

“சொல்றேன்” என்றேன்.

மாசாந்திர சர்க்கரை மாத்திரை வாங்க ராயப்பேட்டை பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிய நாள் அது. பாதி வழியில் பெட்ரோல் முள் அடியில் உட்கார்ந்துவிட்டது. பங்க்கில் நுழைந்தேன். இஞ்சின் ஓடும்போது பெட்ரோல் போட மாட்டேன் என்றாள் யூனிஃபார்ம் போட்ட பெண்.

“ஒரு தடவை போடும்மா, கண்ணை மூடிக்கினு.”

“கண்ணை மூடிக்கினு போட்டா ரெண்டு பேரும் சேந்து மேல போவணும் தாத்தா. ஆஃப் பண்ணு.”

அணைத்தேன். போட்டாள். பட்டனை அழுத்தினேன். கிர்ர். மறுபடியும் கிர்ர். என் பின்னால் வரிசை நீண்டது. ஹாரன் அடித்தார்கள். பட்டனை அழுத்தி அழுத்திக் கட்டைவிரல் சிவந்துவிட்டது. ஒரு தடவைகூடப் பிடிக்கவில்லை. முழுசாக முடிந்தது என்று தெரிந்துவிட்டது.

இரண்டு பேர் வண்டியை ஓரமாகத் தள்ளினார்கள். அப்போது பின்னால் நின்ற ஆட்டோவிலிருந்து ஒருத்தன் தலையை நீட்டினான்.

“எங்க போவணும் பெர்சு?”

“எங்கியும் போவ முடியாது.”

“அது தெரியுது. செல்ஃபு ராங்கு காட்டுது. மணிக்கூண்டாண்ட ரெஹான் பாய்னு ஒருத்தர் கீறாரு. ஹேண்டிலை நேரா புடி, மிச்சத்தை என் கால் பாத்துக்கும்.”

பேர் தமிழ்மாறன் என்றான். ஆட்டோவை ஓட்டிக்கொண்டே வலது காலை வெளியே நீட்டி, என் வண்டியின் பக்கக் கம்பியில் வைத்துத் தள்ளினான். இந்த ஊரில் வண்டி நின்றுபோனால் இப்படித்தான், யாராவது ஒருத்தன் கால் கொடுப்பான். நான் இரண்டு கையாலும் ஹேண்டிலைப் பிடித்துக்கொண்டு, இவன் எவ்வளவு கேட்பான், அந்த பாய்க்கும் இவனுக்கும் என்ன கமிஷன் என்று நினைத்துக்கொண்டே போனேன்.

மணிக்கூண்டுக்குப் பின்னால் ஒரு சந்து. கடை என்று பெரிதாக ஒன்றுமில்லை. ஒரு ஷட்டர், வாசலில் தார்ப்பாய், கழற்றிப் போட்ட இரண்டு ஸ்கூட்டர். நாற்பது வயசிருக்கும் ரெஹானுக்கு. வாசலில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு அவன் அம்மா ஜைதூன் பீ உட்கார்ந்திருந்தார். என் வயசுதான் இருக்கும். மடியில் ஒரு முறம். முறத்தில் அரிசி இல்லை, நட்டும் போல்ட்டும். சைஸ் வாரியாகப் பொறுக்கிக்கொண்டிருந்தார்.

தமிழ்மாறன் என்னை விட்டுவிட்டு, ஒன்றும் கேட்காமல் ஆட்டோவைத் திருப்பினான். “வரேன் பெர்சு, சவாரி கீது” என்று போயேவிட்டான். அதுவும் எனக்குச் சந்தேகமாகத்தான் இருந்தது.

“பாய், ஒண்ணு மொதல்லயே சொல்லிடறேன்” என்றேன் ரெஹானிடம். “எது கழட்டினாலும் என் கண்ணு முன்னால கழட்டணும். உள்ள எடுத்துக்கினு போற வேலை வாணாம்.”

ரெஹான் சிரித்தான். அவன் அம்மா சிரிக்கவில்லை.

“ஏன் பெரியவரே, எங்க பையன் உன் வண்டியை உள்ள தூக்கிக்கினு போயி பிரியாணில போடப்போறானா?”

“உங்களைச் சொல்லலம்மா. ஊரு அப்படி.”

“ஊருல நீயும்தானே கீற?”

ரெஹான் ஒரு சின்ன முக்காலியை எடுத்து வண்டிக்கு ஒரு முழம் தள்ளிப் போட்டான். என் ஊன்றுகோலை வாங்கிச் சுவரில் சாய்த்து, அக்குளில் கை கொடுத்து உட்கார வைத்தான். “இதுக்கு மேல கிட்ட உக்காரணும்னா இஞ்சினுக்குள்ளதான் நைனா உக்காரணும்” என்றான்.

பேட்டரியைப் பார்த்தான். நன்றாக இருந்தது. பிறகு வலது பக்கம் காற்றாடியை மூடியிருக்கிற பிளாஸ்டிக் மூடியைக் கழற்றினான். உள்ளே இஞ்சினைக் குளிர வைக்கிற காற்றாடி தெரிந்தது. என் கையைப் பிடித்துப் பட்டன் மேல் வைத்தான்.

“நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன். நீயே அமுக்கு, உன் கண்ணு சொல்லட்டும். இந்த காத்தாடி இஞ்சின் தண்டோட சேந்தது. இஞ்சின் சுத்துனா இது சுத்தும்.”

அழுத்தினேன். கிர்ரென்று சத்தம் வந்தது. காற்றாடி அப்படியே நின்றது.

“மோட்டார் சுத்துது. காத்தாடி சுத்தல. அப்போ மோட்டாரும் நல்லாக்கீது, கரண்டும் நல்லாக்கீது. மோட்டாருக்கும் இஞ்சினுக்கும் நடுவுல கையைக் கோத்துக்கிற சாமான் ஒண்ணு கீது, அது கோக்கல. ஸ்டார்ட்டர் கிளட்ச்.”

“அது இன்னா பண்ணும்?”

“சைக்கிள் ஓட்டிக்கீறியா? ஃப்ரீவீல் தெரியுமா? முன்னால மிதிச்சா புடிக்கும், பின்னால மிதிச்சா உட்டுடும். அதேதான். மோட்டார் சுத்தும்போது புடிக்கணும், இஞ்சின் ஓட ஆரம்பிச்சதும் உட்டுடணும். உன்னுது எப்பவும் உட்டுடுது.”

இருபது வருடம் சைக்கிளில் இடியாப்பம் விற்றவன் நான். ஃப்ரீவீல் வழுக்கினால் எப்படி இருக்கும் என்று என் காலுக்குத் தெரியும், இல்லாத காலுக்கும் சேர்த்து. முதல் தடவையாக ஒரு மெக்கானிக் சொன்னது எனக்குப் புரிந்தது. புரிந்தது என்பதாலேயே நம்பலாமா என்று ஒரு யோசனை வந்தது.

ரெஹான் காற்றாடியைக் கழற்றினான். பெரிய நட்டைத் திருகி எடுத்தான். இழுப்பானை மாட்டி இறுக்க, டக்கென்று சத்தத்தோடு மேக்னெட் வெளியே வந்தது. அதற்குப் பின்னால் பல்சக்கரமும், அதோடு ஒட்டின வட்டமான கிளட்சும். ஒரு தகரத் தட்டில் ஒவ்வொன்றாக, என் முகத்துக்கு நேராகக் காட்டிக் காட்டி வைத்தான்.

கிளட்சுக்குள்ளே மூன்று குழி. ஒவ்வொரு குழியிலும் விரல் நகம் அளவு இரும்பு உருளை, அதை முன்னால் தள்ளுகிற ஒரு ஸ்பிரிங். ஸ்குரூ டிரைவர் முனையால் முதல் உருளையை அழுத்தினான். உள்ளே போய்த் துள்ளித் திரும்பி வந்தது. இரண்டாவது மெதுவாக, சோம்பலாக வந்தது. மூன்றாவதை அழுத்தினான். அது அசையவே இல்லை, குழிக்குள் ஒடுங்கிப்போய்க் கிடந்தது.

“இதோ கீறாரு நம்மாளு” என்றான். முள் போன்ற கம்பியால் நெம்பி உருளையை எடுத்தான். கூடவே என்னமோ ஒட்டிக்கொண்டு வந்தது. கம்பி முனையை வெளிச்சத்தில் பிடித்தான்.

“அம்மா, இங்க பாரு. இன்னாது இது, ரோஸ் கலர்ல?”

ஜைதூன் பீ முறத்தை இறக்கி வைத்துவிட்டு எழுந்து வந்தார். கண்ணாடியை ஏற்றிக்கொண்டு பார்த்தார். ஆயிலில் ஊறிச் சுருண்ட ஒரு பிசின் உருண்டை. மிளகை விடச் சின்னது. நல்ல ரோஸ் நிறம்.

“பெயிண்டா?” என்றார்.

“கிளட்சுக்குள்ள எவன்மா பெயிண்ட் அடிப்பான்? ஏதோ கம்மு போல கீது. நைனா, இதுக்கு முன்னால யாரு இத்தை கழட்டினது?”

“மந்தைவெளில ஒருத்தன்” என்றேன்.

“அவன் கையை உடைக்கணும்” என்றார் ஜைதூன் பீ. “கால் இல்லாத மனுசன் வண்டில போயி இப்படி கலீஜ் பண்ணிக்கீறான் பாரு. நல்லா இருப்பானா அவன்?”

நான் தலையை ஆட்டினேன். ஆமாம், ஆட்டினேன்.

ரெஹான் உருளையைத் துணியில் துடைத்துக்கொண்டே யோசித்தான். முகத்தில் சிரிப்பு இல்லை.

“நைனா, கிளட்ச் ஒரு மேட்டரே இல்ல. ஒரு மணி நேர வேலை. ஆனா இது இன்னா கம்முன்னு தெரியல, எவ்ளோ போட்டான்னும் தெரியல. இந்தப் பக்கம் பூரா ஆயில்லதான் சுத்துது. இது கரைஞ்சி ஆயில் பம்புல போயி அடைச்சிதுன்னா இஞ்சின் ஜாமாயிடும். அதுக்கப்புறம் செல்ஃப் இருந்தும் பிரயோஜனம் இல்ல. இஞ்சினை இறக்கிப் பிரிச்சிப் பாத்துடறதுதான் நல்லது.”

“எத்தினி நாளு?”

“எட்டு, பத்து நாளு ஆவும்.”

சக்திவேல் சொன்ன அதே பத்து நாள். பத்து நாளில் பதினோரு வீடும் போகும், முப்பத்தொன்றும் போகும். தேவானை தூக்கைத் தலையில் வைத்துக்கொண்டு நடப்பாள். நடக்காதே என்றால் கேட்க மாட்டாள். நான் ஜன்னலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பேன். கால் எடுத்த முதல் வருடம் அப்படித்தான் உட்கார்ந்திருந்தேன். திரும்பவும் அந்த ஜன்னல் என்றால் என்னால் ஆகாது.

அந்தப் பிசின் என்ன என்று எனக்குத் தெரியும். பார்த்த நிமிஷமே தெரிந்துவிட்டது.

“பாய்” என்றேன். “அது கம்மு இல்ல. நெயில் பாலிஷு.”

இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள்.

“சக்திவேல் கழட்டி வெச்சிட்டு சாயா குடிக்கப் போனான். நல்ல சாமானை எடுத்துக்கினு டூப்பு போட்டுடுவான்னு… என் பொண்ணு உட்டுட்டுப் போன பாட்டில் ஒண்ணு வீட்டுல இருந்துச்சி. எடுத்துக்கினுதான் போயிருந்தேன். அடையாளத்துக்கு எல்லாத்து மேலயும் ஒரு பொட்டு வெச்சேன். மறுநாள் அவன் மூடும்போது பக்கத்துல உக்காந்து பாத்தேன். எல்லா பொட்டும் இருந்துச்சி.”

சந்தில் ஒரு தண்ணீர் கேன் வண்டி போனது. பிறகு ஜைதூன் பீ சுவரைப் பிடித்துக்கொண்டார். அழுகிறாரோ என்று பார்த்தேன். சிரிப்பு. சத்தம் வராத சிரிப்பு, தோள் மட்டும் குலுங்கியது.

“யா அல்லா! இஞ்சினுக்குப் பொட்டு வெச்சிக்கீறான்டா! பூ வெக்கலியா பெரியவரே? வளையல் போடலியா?”

“சிரிம்மா, நல்லா சிரி.”

“பின்ன? அந்த மந்தைவெளிப் பையனை நான் வேற சபிச்சிட்டேன். நீ வாய மூடிக்கினு தலைய ஆட்டுற!”

ரெஹான் சிரிக்கவில்லை. என் முன்னால் குந்தி உட்கார்ந்தான்.

“நைனா, நல்லா யோசிச்சி சொல்லு. மொத்தம் எத்தினி பொட்டு வெச்ச? எதுல எதுல?”

அது எனக்கு யோசிக்க வேண்டிய விஷயமே இல்லை. திருடு போய்விடும் என்று அடையாளம் வைத்தவன் கணக்கை மறப்பானா?

“ஏழு. மேக்னெட்டுல ஒண்ணு. நட்டுல ஒண்ணு. பல்சக்கரத்துல ஒண்ணு. கிளட்ச் மேல ஒண்ணு. உருளைல மூணு. அவ்ளோதான். அவன் அந்தப் பக்கம் மட்டும்தான் கழட்டினான்.”

“சத்தியமா ஏழுதானா?”

“முருகன் சத்தியமா ஏழு.”

“அப்போ ஏழையும் கண்டுபுடிச்சிட்டா இஞ்சினைப் பிரிக்க வாணாம்” என்றான் ரெஹான். “அம்மா, சிரிச்சது போதும். லைட்டைப் புடி.”

தேட ஆரம்பித்தோம். மேக்னெட்டில் இருந்தது, நான் வைத்தபடியே. நட்டில் இருந்தது. பல்சக்கரத்தில் இருந்தது. கிளட்ச் மேல் வைத்தது ஓரம் லேசாகத் தூக்கிக்கொண்டு நின்றது, நகத்தால் சுரண்டியதும் முழுசாக வந்தது. நாலு. மூன்றாவது குழியில் கிடைத்த உருண்டை ஐந்து. இரண்டாவது குழியை பெட்ரோல் விட்டுக் கழுவினான். ஸ்பிரிங்குக்கு அடியில் ஒரு செதில் மிதந்து வந்தது. ஆறு.

முதல் குழியில் ஒன்றுமில்லை. கழுவினான், ஊதினான், துணி விட்டுத் துடைத்தான். உருளையில் இல்லை, குழியில் இல்லை, தட்டில் இல்லை.

“ஒண்ணு ஆயில்ல போயிக்கீது” என்றான்.

அப்போது ஃபோன் அடித்தது. தேவானை.

“மணி மூணாவுது. இன்னா சொல்ற?”

“இரு” என்றேன்.

“இருன்னா? அரிசியா, இல்லியா?”

“ஒரு பொட்டைக் காணோம். இருடி, சொல்றேன்.”

“என்னா பொட்டு? யாரு பொட்டு? எங்க கீற நீ?” என்று அவள் கத்த ஆரம்பித்ததும் வைத்துவிட்டேன். ஜைதூன் பீக்கு மறுபடியும் தோள் குலுங்கியது.

ரெஹான் இஞ்சினுக்கு அடியில் ஒரு பழைய தட்டை வைத்தான். கீழே ஒரு மூடி இருக்கிறது, அதற்குள் ஆயிலை வடிகட்டுகிற சின்ன வலை, பம்புக்குப் போகிற ஆயில் எல்லாம் அதைத் தாண்டித்தான் போக வேண்டும் என்றான். வலையில் சிக்கியிருந்தால் தப்பித்தோம். வலையைத் தாண்டியிருந்தால் பிரிக்க வேண்டியதுதான்.

ஆயில் கறுப்பாக ஒழுகியது. ஜைதூன் பீ ஒரு வெள்ளைத் துணியைத் தட்டின் மேல் கட்டி அதன் வழியாக ஒழுக விட்டார். துணியில் கரிதான் தங்கியது. ரோஸ் இல்லை. ரெஹான் மூடியை முழுசாகக் கழற்றி, ஸ்பிரிங்கை எடுத்து, இரண்டு விரலால் வலையை உருவினான். பெட்ரோலில் அலசினான். தூக்கிப் பிடித்தான்.

வலையின் ஓரத்தில், துணிக்கடை பில்லில் குத்துகிற பின்னின் தலை அளவுக்கு, ஒட்டிக்கொண்டிருந்தது.

“ஏழு” என்றான் ரெஹான்.

முக்காலியிலிருந்து எழ முயற்சி செய்தேன், ஊன்றுகோல் சுவரில் இருந்தது மறந்துபோய். ஜைதூன் பீ ஒரு கையால் என் தோளை அமுக்கி உட்கார வைத்தார்.

“உக்காருய்யா. இஞ்சின் தப்பிச்சிது, இப்ப நீ வுழுந்து உன்னை இறக்கிப் பிரிக்கவா?”

பிறகு நடந்தது சாதாரண வேலை. இரண்டாவது உருளையை மெதுவாகத் தள்ளிய ஸ்பிரிங் தளர்ந்திருந்தது. மூன்றாவது உருளையில் ஒரு பக்கம் தட்டையாகத் தேய்ந்திருந்தது. விரலை வைத்துத் தடவிப் பார்க்கச் சொன்னான், தடவினேன், உண்மைதான். உருளையும் ஸ்பிரிங்கும் மூன்றுமே புதுசு போட்டுவிடலாம், இல்லாவிட்டால் ஒன்று இழுக்கும் ஒன்று இழுக்காது என்றான். ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டுக்கு நடந்து போய் வாங்கி வந்தான். வழக்கமாக இருந்தால் பாக்கெட்டைப் பிரிக்காமல் காட்டு என்று கேட்டிருப்பேன். இந்தத் தடவை வாயைத் திறக்கவில்லை. அவனே பிரிக்காமல் கொண்டுவந்து என் மடியில் போட்டான். வாங்கி, முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் கொடுத்தேன். குணம் எங்கே போகும்?

அவன் போயிருந்த நேரத்தில் ஜைதூன் பீ சர்க்கரை இல்லாத டீ வாங்கித் தந்தார். முறத்தை மறுபடியும் மடியில் வைத்துக்கொண்டார்.

“அந்த மந்தைவெளிப் பையனைத் திருடன்னு எத்தினி பேர்கிட்ட சொன்ன?”

“நாலு பேரு.”

“உண்மையா நாலு?”

“டீக்கடைல சொன்னேன். அங்க எத்தினி பேரு இருந்தானுங்களோ.”

“இப்பப் போயி அவன்கிட்ட சொல்லுவியா?”

“பாக்கலாம்.”

“பாக்கலாமா?”

“அவனும் தொட்டுக்கூடப் பாக்காம பத்து நாளுன்னான்ல? அதுக்கு இன்னா சொல்ற?”

“அதுவும் சரிதான்” என்றார். கொஞ்ச நேரம் போல்ட் பொறுக்கினார். “ஆனாலும் சொல்லிடு.”

நான் டீயைக் குடித்தேன்.

ரெஹான் எல்லாவற்றையும் துடைத்து, உருளைகளைப் போட்டு, ஸ்பிரிங்கைப் போட்டு, ஒவ்வொன்றாக அழுத்திக் காட்டினான். மூன்றும் ஒரே மாதிரி துள்ளின. மேக்னெட்டை ஏற்றினான். நட்டை இறுக்கினான். புது ஆயில் ஊற்றினான். காற்றாடிக்கு மட்டும் மூடி போடவில்லை.

“அமுக்கு நைனா.”

கிர்ரென்ற அந்தச் சத்தம் வரும் என்று காது தயாராக இருந்தது. அழுத்தினேன். காற்றாடி சட்டென்று சுழன்றது. ஒரு இழுப்பு, அவ்வளவுதான், இஞ்சின் பிடித்துக்கொண்டது. முகத்தில் காற்று அடித்தது.

அணைத்தேன். மறுபடியும் அழுத்தினேன். பிடித்தது. அணைத்தேன். அழுத்தினேன். ஏழெட்டுத் தடவை செய்திருப்பேன்.

“போதும்யா, இன்னிக்கே மறுபடியும் தேச்சிடுவ போல கீது” என்றார் ஜைதூன் பீ.

நாலாக ஐந்து நிமிஷம் இருந்தது. தேவானைக்கு ஃபோன் போட்டேன். ஒரு மணி முழுசாக அடிப்பதற்குள் எடுத்தாள்.

“அரிசி ஊற வெய்யி.”

“எவ்ளோ?”

“எப்பவும் போல.”

“வண்டி?”

“எடுத்துக்கிச்சி.”

அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் வந்தது. “வரும்போது தேங்கா ரெண்டு வாங்கிக்கினு வா” என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாள்.

ரெஹானுக்குக் காசைக் கொடுத்துவிட்டுக் கிளம்பும்போது மாத்திரை வாங்க நேரமாகிவிட்டது. நாளைக்குப் போய்க்கொள்ளலாம். மந்தைவெளிப் பக்கம் போகாமல் வேறு வழியில் போகலாமா என்று சந்து முனையில் கொஞ்ச நேரம் யோசித்தேன். நேர் வழியிலேயே திருப்பினேன். சக்திவேல் கடை திறந்திருந்தால் திறந்திருக்கட்டும், அப்போது பார்த்துக்கொள்ளலாம்.

லஸ் முனையில் சிவப்பு விழுந்தது. எண்பத்தைந்து என்று ஆரம்பித்து இறங்கியது. சுற்றி இருந்த பைக்குகளும் ஆட்டோக்களும் ஒவ்வொன்றாக இஞ்சினை அணைத்தன. நானும் சாவியைத் திருப்பினேன். வண்டி அடங்கியது. ஹேண்டிலில் நடுக்கம் நின்றது. முன்னால் ஒரு அம்மாவின் பையில் கறிவேப்பிலை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது, அதன் வாசனைகூட வந்தது. மூன்று நாளாக எனக்குப் புகையைத் தவிர ஒன்றும் வரவில்லை.

பத்து, ஒன்பது என்று வந்தது. எல்லோரும் அவசர அவசரமாக உதைத்தார்கள். நான் அவசரப்படவில்லை. மூன்று வந்தபிறகு கட்டைவிரலை வைத்தேன்.